பெங்களூரிலேயே படிக்கட்டுமா, ஊர்ப் பள்ளிக்கு அனுப்பலாமா?

மார்ச், ஏப்ரல் வந்தால் பொம்மனஹள்ளி, ஈஜிபுரா, விவேக் நகர் பக்கத் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது, பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடலாமா? ஊரில் அம்மா இருக்கிறார், பள்ளி நாலு வீடு தள்ளி இருக்கிறது, சாப்பாடும் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் மொத்தமே முப்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இங்கே ஏதோ ஆங்கிலம் பேசப் பழகுகிற பிள்ளை அங்கே போய் என்ன கற்கும்?

இந்த வருஷம் அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்திலும் நடந்தது. என் தங்கை ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் மகள், எனக்கு மருமகள், இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாவது போகிறாள். எங்கள் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம். அங்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 28 பிள்ளைகள். முடிவெடுப்பதற்காக விசாரித்ததையும் நேரில் பார்த்ததையும் எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் பயன்படும்.

எங்கள் முன்னால் இருந்தவை நான்கு வழிகள். இப்போது படிக்கிற தெருமுனைத் தனியார் பள்ளியிலேயே தொடர்வது. பெங்களூரிலேயே கர்நாடக அரசுப் பள்ளியில் சேர்ப்பது. பாட்டி வீட்டில் விட்டு ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது. நான்காவதாக, குடும்பத்தோடு ஓசூர்ப் பக்கம் குடிபோய் அங்கே ஏதாவது ஒரு கிராமப் பள்ளியில் சேர்ப்பது. கடைசி வழி ஆரம்பத்தில் எங்கள் மனதிலேயே இல்லை. பேசப் பேசத்தான் வந்தது.

தனியார் பள்ளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம், வேன், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாது. தங்கையின் நான்கு மாதச் சம்பளம் அப்படியே போகிறது. மூன்று மாடிக் கட்டடம், ஓடி விளையாட இடம் கிடையாது, ஒரு வகுப்பில் 45 பிள்ளைகள். மருமகள் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் படிக்கத் தெரியவில்லை. கன்னடம் இரண்டாம் மொழி, எழுத்துகளைப் பார்த்து எழுதுகிறாள். தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் இந்தியும், வகுப்பில் ஆங்கிலம் என்று நாலு மொழி காதில் விழுகிறது. படிக்கத் தெரிந்த மொழி என்று ஒன்றுகூட இன்னும் அமையவில்லை. எட்டு வயதில் இதைவிடப் பெரிய குறை வேறில்லை என்பது என் கருத்து. ஏதாவது ஒரு மொழியில் தடுக்காமல் படிக்க வந்துவிட்டால், அந்தப் பழக்கம் அடுத்த மொழிக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கைகொடுக்கும். அது வராமல் வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஐந்தாம் வகுப்பில் பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துப்போகும்.

கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இலவச இடம் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். கர்நாடகத்தில் 2019 முதல் அந்த விதி மாறிவிட்டது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் அந்த இடம் கிடையாது. பெங்களூருக்குள் அப்படி ஒரு பள்ளி இல்லாத பகுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அந்த வழியை நம்பி இருக்க வேண்டாம்.

கர்நாடக அரசுப் பள்ளியை நம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு, 2013-இல் தொடங்கிய க்ஷீர பாக்யா திட்டத்தில் பால் தருகிறார்கள், முட்டையும் உண்டு. 2019-20 முதல் பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் வந்திருக்கிறது. கர்நாடக பப்ளிக் ஸ்கூல் என்ற பெயரில் மழலையர் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை ஒரே வளாகத்தில் நடத்துகிற பள்ளிகளும் இருக்கின்றன. எப்படியும் 2015-இல் வந்த சட்டப்படி இந்த மாநிலத்தில் எந்தப் பள்ளியில் படித்தாலும் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படித்தே ஆக வேண்டும். பெங்களூரிலேயே இருக்கப்போகிறோம், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை என்று உறுதியாக இருக்கிற குடும்பத்துக்கு, நல்ல தலைமை ஆசிரியர் இருக்கிற ஒரு கன்னட அரசுப் பள்ளிதான் சரியான இடம் என்பேன். பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளரும், வேலைக்கும் அது உதவும். தமிழை வீட்டில் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் ஒரு காலத்தில் நன்றாக நடந்த தமிழ் வழிப் பள்ளிகள் இப்போது மிகவும் குறைந்துவிட்டன. தங்கை வீட்டில் இருந்து அவற்றுக்குப் போய்வருவதும் நடக்காத காரியம்.

தங்கை வீட்டின் நிலைமை வேறு. மாப்பிள்ளைக்குப் பத்து வருஷத்தில் ஊருக்கே போய்விட வேண்டும் என்று ஆசை. நிலம் கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் ஊர்ப் பள்ளியைப் பற்றிப் பேச்சு தீவிரமானது.

ஊர்ப் பள்ளியை நானே போய்ப் பார்த்தேன். திருவிழா, ஆண்டு விழா என்று ஒன்றும் இல்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமை. காலை எட்டேகால் மணிக்கே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று பொங்கலும் சாம்பாரும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். சமைக்கிறவர்களுக்கு எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லித் தெரியும். ஒரு பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது, அவன் வீட்டில் நேற்று இரவு என்ன நடந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெங்களூரில் 50,000 கட்டினாலும் இந்தக் கவனிப்பு கிடைக்காது.

வகுப்பறை இரண்டு. ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்து ஓர் அறை. நான்கும் ஐந்தும் இன்னோர் அறை. பெற்றோர் பலர் இதைக் கேட்டவுடனே முகம் சுளிக்கிறார்கள். தனித்தனி வகுப்பே இல்லாத பள்ளியில் என்ன படிப்பு என்பார்கள். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இந்தக் கலப்பு வகுப்பு திட்டமிட்டே நடக்கிறது. பிள்ளைகளை வகுப்புப்படி பிரிக்காமல், என்ன தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் உட்கார வைக்கிறார்கள். எழுத்தே தெரியாதவர்கள் அரும்பு, சொற்களும் சின்ன வாக்கியங்களும் படிக்கிறவர்கள் மொட்டு, பத்தியைப் படித்துப் புரிந்துகொள்கிறவர்கள் மலர். அதற்கு முன்னாலும் செயல்வழிக் கற்றல் முறையில் அட்டைகளை வைத்துக் கலந்து உட்காரும் வழக்கம் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் இருந்ததுதான்.

எங்கள் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. தமிழ் எழுத்து தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையை, மூன்றாம் வகுப்பு மட்டும் தனியாக நடக்கிற பெரிய பள்ளியில் சேர்த்தால், முதல் நாளே கடைசி பெஞ்சுதான். இங்கே அரும்பில் உட்கார்ந்தால் பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும், முதல் வகுப்புப் பிள்ளையும் இருக்கும். யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டாம் வகுப்புப் பையனுக்குக் கொம்பும் காலும் எங்கே போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைவிட அவளுக்குத்தான் அதில் அதிகப் பயன். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று தெரிகிறது.

சின்னப் பள்ளியின் இன்னொரு பலத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அங்கே ஆளே குறைவு என்பதால் எல்லா வேலைக்கும் எல்லாப் பிள்ளையும் வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் குறள் சொல்ல, செய்தி வாசிக்க 28 பேருக்குள்தான் முறை மாறி மாறி வரும். வாயே திறக்காத பிள்ளைக்கும் மாதத்துக்கு இரண்டு தடவையாவது எல்லார் முன்னாலும் நிற்கிற நாள் வந்துவிடும். கலைத் திருவிழாவுக்குப் பாட, ஆட, வரைய ஆள் அனுப்ப வேண்டும் என்றால் இருக்கிற பிள்ளைகளைத்தான் தயார் செய்ய முடியும். எங்கள் பிள்ளையின் இப்போதைய பள்ளியில் ஆண்டு விழா மேடையில் ஏறியவர்கள் எப்போதும் அதே பத்துப் பேர். மற்றவர்கள் கைதட்டினார்கள். வாய்விட்டுப் படிப்பதும் அப்படித்தான். 45 பேர் வகுப்பில் ஒரு பிள்ளையின் முறை வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். பதினான்கு பேர் உள்ள அறையில் தினமும் வரும்.

பள்ளிக்கு வெளியே இருப்பதும் படிப்புதான். அன்று மதியம் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து மாந்தோப்புக்குக் கூட்டிப்போய்க் கயிறு வைத்து வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளக்க வைத்தார் தலைமை ஆசிரியர். வந்து பெருக்கல் கணக்காக எழுதினார்கள். கடலை பிடுங்கும் நாளில் ஒரு செடியில் எத்தனை காய் என்று எண்ணுவது, ஏரியில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று மாதாமாதம் குறித்து வைப்பது, இதெல்லாம் அந்தப் பள்ளியில் வழக்கமாக நடக்கிறதாம். பெங்களூரில் மாந்தோப்பைப் பார்க்கவே பஸ் பிடித்துப் போக வேண்டும். சாயங்காலம் நொண்டி, கோலி, கபடி. விளையாட்டில் ஆறு வயதும் பத்து வயதும் சேர்ந்தே நிற்கும். சின்னவனுக்காக விதியைக் கொஞ்சம் தளர்த்துவதை அங்கே பெரிய பிள்ளைகள் தானாகவே செய்தார்கள்.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காகக் கிராமப் பள்ளி எல்லாமே இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. கிராமப் பிள்ளைகளுக்குப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஏசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 27 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. தமிழ்நாட்டின் நிலை அந்தச் சராசரிக்கும் கீழேதான். பள்ளி சின்னது என்பதால் மட்டும் பிள்ளைக்குப் படிக்க வந்துவிடாது. இரண்டே ஆசிரியர் என்பதால் எல்லாமே அந்த இரண்டு பேரைப் பொறுத்தது. ஒருவர் பயிற்சிக்குப் போனால், தலைமை ஆசிரியர் வட்டார வள மையத்தில் கூட்டத்துக்குப் போனால், மீதி இருக்கிற ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அன்று படிப்பு நடக்காது, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நடக்கும். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. நல்ல ஆசிரியர் அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போய்விட்டால் பள்ளியே வேறாகிவிடும். பிள்ளைகள் எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கிற பேச்சும் வரும்.

ஆங்கிலம் முதல் வகுப்பில் இருந்தே பாடமாக இருக்கிறது. ஆனால் காதில் விழுகிற ஆங்கிலம் மிகக் குறைவு. இப்போது மருமகள் தப்பும் தவறுமாகப் பேசுகிற ஆங்கிலமும் ஒரு வருஷத்தில் போய்விடும், கன்னடமும் போய்விடும். புத்தகங்கள் ஓர் அலமாரி. அவள் வயதுப் பெண் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இரண்டே பேர். அந்த இருவரோடு ஒத்துவரவில்லை என்றால் அவளுக்குத் தோழி கிடையாது.

சாதியையும் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் எங்கள் வரிசை வீடுகளில் யார் என்ன சாதி என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊரில் எந்தத் தெருவில் இருந்து வருகிறாய் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள், காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் எப்படிக் கலந்து உட்காருகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், சமைக்கிறவர் யார், அவர் கையால் எல்லாரும் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் கலந்துதான் உட்கார்ந்தார்கள். அப்படி இல்லாத பள்ளி என்றால், படிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் என் வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சொல்ல மாட்டேன்.

இரண்டு பள்ளிகளை மட்டும் எடைபோட்டதில் முடிவு வரவில்லை. அதனால் பிள்ளையின் முழு நாளையும், எழுவதில் இருந்து தூங்குவது வரை, இரண்டு இடத்துக்கும் காகிதத்தில் எழுதினோம். பெங்களூரில் ஏழே முக்காலுக்கு வேன். நாலேகாலுக்கு வீடு. தங்கை வருவது ஆறரை, ஏழு. அதுவரை பக்கத்து வீட்டில் போன் பார்த்துக்கொண்டு இருப்பாள். அப்புறம் அம்மா சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும். அப்பா ஒன்பதரைக்கு வருவார். அம்மாவும் பிள்ளையும் நிதானமாகப் பேசுகிற நேரம் என்று கூட்டிப் பார்த்தால் அரை மணிதான் தேறியது. ஊரில் பள்ளி விட்டதும் பாட்டி வீட்டில் இருப்பார். வெளிச்சம் இருக்கும்வரை விளையாட்டு, பிறகு படிப்பு, எட்டரைக்குத் தூக்கம். ஆனால் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுப் பாடத்தில் உதவ முடியாது. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் ஊரில் இன்னும் நடந்தால் அந்தக் குறை கொஞ்சம் தீரும். எல்லா ஊரிலும் இப்போது இல்லை, விசாரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காகிதத்தில் எழுத முடியாத ஒன்றைத் தங்கை சொன்னாள். “அண்ணா, பணம் மிச்சமாகும்னு எனக்கும் தெரியுது. வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா அவ இல்லைன்னா நான் எதுக்கு இந்த ஊர்ல இருக்கணும்?” எங்கள் அம்மா பக்கத்தில்தான் இருந்தார். “நீ வர்ற வரைக்கும் அவ அங்கே தனியாத்தானே இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இரண்டும் உண்மைதான். ஊத்தங்கரைக்கு நான்கு மணி நேரப் பயணம். நினைத்தவுடன் போய்விட முடியாது. காய்ச்சல் வந்தால் இரவோடு இரவாகப் பஸ் ஏற வேண்டும். இதைச் சின்ன விஷயமாக யாரும் பேசக் கூடாது. பிள்ளையையும் கேட்க வேண்டும். எட்டு வயதுக்குத் தன் விருப்பத்தைச் சொல்லத் தெரியும். நாங்கள் கேட்டோம். ஆயாவோடு இருக்க ஆசை, ஆனால் அம்மா ஞாயிற்றுக்கிழமை வரணும் என்றாள்.

இங்கேதான் ஓசூர் பற்றி யோசித்தோம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை திறந்துவிட்டது. ஓசூரில் இருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா வந்து, அங்கே இருந்து மெட்ரோவில் எலக்ட்ரானிக் சிட்டியோ பொம்மனஹள்ளியோ போய்விடலாம். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகனி பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இது மிக நல்ல வழி. வாடகையும் குறைவு. பாகலூர், பேரிகை பக்கத்துக் கிராமங்களில் சின்னத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற பகுதி என்பதால் பெங்களூரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்நியமாகத் தெரியாது. காலை உணவு, எண்ணும் எழுத்தும், தமிழ்நாட்டுப் பாடநூல் எல்லாம் அங்கேயும் அதேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்திரி பிள்ளை அம்மா பக்கத்தில் தூங்கும். தங்கைக்கு இதில் இருந்த தடை மாப்பிள்ளையின் ஆட்டோ. பெங்களூர் பர்மிட்டை வைத்துக்கொண்டு ஓசூரில் இருந்து அவர் ஓட்ட முடியாது. தங்கை மட்டும் பிள்ளையோடு போனால், காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்ப வேண்டும். பள்ளிக்கு முன்னாலும் பின்னாலும் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பாட்டியை ஓசூருக்குக் கூட்டி வரலாம் என்றால் ஊரில் மாடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, அவர் அசைய மாட்டார். கணவன் மனைவி இருவருக்கும் ஓசூர் ரோட்டிலேயே வேலை, வீட்டில் ஒரு பெரியவரும் இருக்கிறார் என்றால் மற்ற மூன்று வழிகளையும் விட்டுவிட்டு ஓசூரைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

அடுத்து, பலர் கவனிக்காமல் விடுகிற ஆறாம் வகுப்பு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான பெரிய சலுகைகள் எல்லாம் ஆறாம் வகுப்பில் இருந்துதான் கணக்கு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. நீட் தேர்ச்சியோடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதுதான் அடிப்படை. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. தமிழ்நாட்டில் இருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த இட ஒதுக்கீடு கிடையாது, சொந்த மாநிலத்தில்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது.

அப்படியானால், சின்ன வயதில் ஊரில் படிக்க வைத்து, ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெங்களூர் கூட்டி வருகிற வழக்கமான ஏற்பாடு இரண்டு பக்கமும் நஷ்டம். தமிழ்நாட்டுச் சலுகை போய்விடும். இங்கே வந்து கன்னடத்தை ஆறாம் வகுப்பில் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஊருக்கு அனுப்புவது என்றால் பன்னிரண்டு வரை அங்கேதான் என்று நினைத்து அனுப்ப வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை இங்கே வைத்திருந்து ஆறில் அனுப்புவதும் நல்ல ஏற்பாடுதான். பிள்ளை பத்து வயது வரை பெற்றோரோடு இருக்கும். ஆனால் அதற்குள் தமிழ் சரளமாகப் படிக்க வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் திணறிப்போகும். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் வகுப்பு நூலில் இருந்து தினமும் ஒரு பக்கம் வீட்டில் படித்தால் போதும். இன்னொன்று, தொடக்கப் பள்ளி வாசலிலேயே இருந்தாலும் நடுநிலைப் பள்ளி அப்படி இருக்காது. எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புக்கு நாலு கிலோமீட்டர் போக வேண்டும். பெண் பிள்ளைக்கு அந்த வழி எப்படி, பஸ் எத்தனை மணிக்கு என்பதை இப்போதே பார்த்து வைத்தோம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, என் மருமகள் மூன்றாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்குப் போகட்டும் என்று நான் சொன்னேன். அவளுக்கு இப்போது முதல் தேவை தடையில்லாமல் படிக்கக் கற்பது. அவள் இருக்கிற நிலையில் இருந்து தொடங்குகிற வகுப்பு அங்கே இருக்கிறது. சாயங்காலம் வீட்டில் ஆள் இருக்கிறது. இரண்டு ஆசிரியர்களும் அந்தப் பள்ளிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை, உடனே மாறுதல் கேட்கிற எண்ணமும் இல்லை என்றார்கள். ஆங்கிலம் தேய்ந்துபோவதைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. ஆனால் புரியாமல் ஒப்பிக்கிற ஆங்கிலத்தைக் காப்பாற்றுவதற்காக, படிக்கக் கற்க வேண்டிய வயதை விட்டுவிட முடியாது. தங்கை இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டாள். அவள் போட்ட நிபந்தனை: பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அவளோ மாப்பிள்ளையோ கட்டாயம் ஊருக்குப் போக வேண்டும், தினமும் ராத்திரி வீடியோ கால், காலாண்டு விடுமுறையில் மறுபடி எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் கூட்டி வந்துவிட வேண்டும். அப்படிக் கூட்டி வந்தால் பழைய தனியார் பள்ளியில் இடம் இருக்காது. வருஷ நடுவில் சேர்த்துக்கொள்கிற கன்னட அரசுப் பள்ளி எது என்று அதற்காக இப்போதே பார்த்து வைத்திருக்கிறோம்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். அவன் அம்மா நாங்கள் செய்வதைப் பார்த்து அவனையும் சேலம் பக்கத்து ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அங்கே இருப்பது எழுபது வயதுத் தாத்தா மட்டும். அவருக்கே சமைத்துப் போட ஆள் வேண்டும். வேண்டாம் அக்கா, அவன் இங்கேயே படிக்கட்டும் என்றேன். அவன் கன்னடம் நன்றாகப் படிக்கிறான், நண்பர்கள் இருக்கிறார்கள், அரசு உயர்நிலைப் பள்ளி நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஏழு வருஷம் ஒரு பையனை வளர்க்க ஊரில் யாரும் இல்லாதபோது 7.5 சதவீதத்தை மட்டும் பார்த்து அனுப்புவது சரியல்ல.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் வேலை நாளில் போங்கள், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர் திருத்திய அடையாளம் போன வாரம் வரை இருக்கிறதா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் அது இதுவரை பார்க்காத ஒரு கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கழிவறையை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் கழிவறையைப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். ஓர் ஆசிரியர் வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவராகத்தான் இருப்பார். அவரிடம் பத்து நிமிஷம் பேசினால் பள்ளியின் நிலைமை தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறக்கும். கர்நாடகப் பள்ளியில் இருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது சாட்ஸ் எண்ணும் (கர்நாடகம் மாணவருக்குத் தருகிற எண்) பென் எண்ணும் (நாடு முழுவதற்குமான மாணவர் எண்) அதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஊர்ப் பள்ளியில் எமிஸில் ஏற்றுவதற்கு அவை வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து ஒன்றுபோல் இருக்கட்டும். கட்டண பாக்கியைக் காட்டித் தனியார் பள்ளி சான்றிதழைத் தாமதப்படுத்தினால் பயப்பட வேண்டாம். சான்றிதழ் வரவில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் அதை எடுத்துச் சொல்லிப் பிள்ளையை முதல் நாளே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, சான்றிதழை அப்புறம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.